போதும்னு சொல்லு

செண்பகராஜ்: ஃபேனை எதுக்கு நிறுத்தச் சொல்லுதான்னு உன் தம்பியட்ட கேளு.

சந்தனமாரி: ஏலே சோலை, ஃபேனை எதுக்கு நிறுத்தணும்னு கேக்காவ.

சோலைராஜ்: வாட்ச்சுக்குள்ள இருக்க ஸ்குரு எள்ளு அளவுதான் இருக்கும்னு சொல்லு எக்கா. காத்துல பறந்துச்சுன்னா இந்த வீட்டையே சலிச்சுத்தான் எடுக்கணும்.

சந்தனமாரி: என்னங்க, ஸ்குரு எள்ளு அளவு...

செண்பகராஜ்: கேட்டுட்டு, கேட்டுட்டு. நிறுத்து. பாப்பாவுக்கு மட்டும் விசிறியால வீசு.

சந்தனமாரி: கேட்டுட்டுல்லா? ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்கு? பெறகு நான் எதுக்கு நடுவுல? ஒருத்தர் தாலி கட்டுன மனுசன், ஒருத்தன் கூடப் பொறந்த தம்பி. கையை நீட்டுனா முட்டிக்கிடும், அம்புட்டுப் பக்கத்துல உக்காந்துருக்கீங்க. மூணு வருசமா நான் டெலிபோன் ஆபீஸ் வேலை பாக்கேன்.

சோலைராஜ்: எக்கா, மெதுவா. பாப்பா முழிச்சுக்கிடும்.

செண்பகராஜ்: மெதுவாப் பேசு, பாப்பா முழிச்சுக்கிடும்.

சந்தனமாரி: இதுல மட்டும் ஒத்துமை.

சோலைராஜ்: அந்தக் காய்கறிக் கத்தியக் குடு. பின்மூடியத் தொறக்கணும்.

செண்பகராஜ்: கத்தியா! இதுக்கு முன்ன எத்தனை வாட்ச்சுக்கு இப்பிடி ஒடைஞ்ச சாவிக்கம்பிய மாத்திருக்கான்னு கேளு.

சந்தனமாரி: எத்தனை...

சோலைராஜ்: இதான் மொதல்னு சொல்லு.

செண்பகராஜ்: ...ஓ.

சோலைராஜ்: ரெண்டு மாசமா ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை சுபஹான் பாய் கடையில போயி உக்காருதேன். பேட்டரி மாத்துவேன். பட்டை மாத்துவேன். கம்பி மாத்துததை அவிய செய்யயில பாத்துருக்கேன். போதாதுன்னா பாய்ட்டயே கொண்டு குடுக்கச் சொல்லு, நான் நாலரை எட்டயபுரம் பஸ்ஸுக்குப் போறேன்.

சந்தனமாரி: உக்காருலே! வந்து அரைமணி நேரம் ஆகல. இருந்துட்டு... நீ எதுக்குலே வாட்ச் கடைக்குப் போன? தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை ஒழுங்கா இருக்குல்லா?

சோலைராஜ்: வேலை இருக்கு. ஞாயித்துக்கெழமை சும்மாத்தான கெடக்கேன். வாட்ச்சைப் பத்தி ஒனக்கு என்னடே தெரியும்னு பந்தல்ல வச்சு ஒருத்தவிய கேட்டாவ. தெரிஞ்சுதான் வைப்போமேன்னு போனேன்.

செண்பகராஜ்: ஏட்டி, மூணு வருசத்துக்கு முன்ன வெளையாட்டாச் சொன்னதை இவன் இன்னும்...

சோலைராஜ்: வெளையாட்டா? சொன்னது என்னன்னு ஞாபகம் இருக்கான்னு கேளு எக்கா. கல்யாண மேடையில நான் வாட்ச்சைக் கையில கட்டி விடுதேன். எல்லாரும் பாக்காவ. 'சாவி குடுக்க வாட்ச்சா? இதுக்கு ஒரு சேவல் வாங்கிக் குடுத்துருக்கலாமே மாப்ளே, அதுவாக் கூவும்லா'ன்னு... பந்தலே சிரிச்சுது. எங்க தீப்பெட்டி ஆபீஸ் ஆளுக பூரா அங்கனதான் நின்னாவ. மொத வருசத்துப் போனஸ்ல வாங்குனதுக்கா அது. கடையில பேட்டரி வாட்ச்சும் இருந்துச்சு. பேட்டரி தீந்தா நின்னு போகும், எங்கக்கா வீட்ல எதுவும் நிக்கக் கூடாதுன்னு...

சந்தனமாரி: விடுலே. விடு.

செண்பகராஜ்: மறுவீட்டுக் கறிச்சோத்துக்கு வராம ஒளிஞ்சுக்கிட்டது யாருன்னு கேளு.

சோலைராஜ்: சேவல் கறி போட்டுருந்தாவன்னு கேள்விப்பட்டேன். அதான் வரலைன்னு சொல்லு.

சந்தனமாரி: ...நான் சிரிக்கல. ரெண்டு பேரும் என்னையப் பாக்காதீங்க. வேலையப் பாருங்க.

சோலைராஜ்: மூடி தொறந்துட்டு. எக்கா, அந்தத் தீப்பெட்டியக் குடு, மூடிய அதுல வைக்கணும். அது இல்ல! இன்னொண்ணு. அந்தப் பெட்டியத் தொடாத.

சந்தனமாரி: ஏன், அதுல என்ன இருக்கு? குச்சிதான?

சோலைராஜ்: வேற ஒரு சாமான். என் சட்டைப்பையிலயே வை.

செண்பகராஜ்: உள்ள எப்பிடி இருக்கு... ன்னு கேளு.

சோலைராஜ்: சுத்தமா இருக்குன்னு சொல்லு. தூசி தும்பு ஒண்ணுமில்ல. இந்தக் கரிசல் புழுதியில மில்லுக்குச் சைக்கிள்ல போயிட்டு வந்த வாட்ச்சு மாரியே இல்ல. ஆனா... சாவித் தலையில தங்க முலாம் பூராத் தேஞ்சுருக்கு. பெருவெரலு படுத எடத்துல.

சந்தனமாரி: தேயாம? தினம் காலைல பல்லு வெளக்குததுக்கு முன்ன அதுக்குத்தான் சாவி. நான் காப்பிய வச்சுக்கிட்டு நிப்பேன், சாவி குடுத்து முடிச்சாத்தான் டம்ளரை வாங்குவாவ.

சோலைராஜ்: ...தினமுமா?

செண்பகராஜ்: ஓடணும்னா குடுத்துத்தான ஆகணும்னு சொல்லு. அதுக்கு என்ன இப்ப?

சோலைராஜ்: ஒண்ணுமில்லன்னு சொல்லு.

சந்தனமாரி: அதை வேற சொல்லணுமாக்கும்.

சோலைராஜ்: இப்பப் பேசாம இரு. கம்பியப் புடிச்சுக்கிட்டு இருக்க ஸ்குரு இதான். ஒண்ணரைச் சுத்துதான் திருகணும், மேல திருகுனா உள்ள இருக்க கொக்கி கழண்டு விழுந்துரும், பெறகு பாயே வந்தாலும் அரைநாள் வேலைன்னு சொன்னாவ. அரை... ஒண்ணு... ஒண்ணரை.

சந்தனமாரி: அம்மாடி. நான் மூச்சே விடல.

சோலைராஜ்: இந்தா, உள்ள கெடந்த துண்டு வந்துட்டு. மத்த துண்டு தலைக்குள்ள மாட்டிக்கிட்டு கெடக்கு. கழட்டுதேன்... ஆமா, இது எப்பிடி ஒடைஞ்சுதுன்னு கேளு.

செண்பகராஜ்: சாவி குடுக்கயில ஒடைஞ்சுட்டுன்னு சொல்லு. தன்னால.

சோலைராஜ்: தன்னால?

செண்பகராஜ்: தன்னாலதான்.

சோலைராஜ்: ...ம்.

சந்தனமாரி: என்னலே 'ம்'? லென்சை மாட்டிக்கிட்டு அந்தத் தலையவே பாத்துக்கிட்டு இருக்க?

சோலைராஜ்: ஒண்ணுமில்ல எக்கா. நல்ல தலை. புதுசு வேண்டாம், இதையே மாட்டிரலாம்.

சந்தனமாரி: அப்பம் சட்டுனு மாட்டு. வெள்ளிக்கெழமை நாகலாபுரம் கோயிலுக்குப் போகயில அவிய கையில இது ஓடணும். எம்பிள்ளைக்குக் காது குத்துத நேரத்தை ஒன் வாட்ச்சுலதான் பாக்கணும்.

சோலைராஜ்: பாருங்க. நல்லாப் பாருங்க. சங்கரபாண்டி அண்ணன் மடியில வச்சுக் குத்தப் போறீங்கன்னு எட்டயபுரம் வரைக்கும் பேச்சு வந்துட்டு.

சந்தனமாரி: அது எங்கத்தை சொன்னது. கூடப் பொறந்த தாய்மாமன் நீ கல்லு மாரி இருக்கயில ஒண்ணுவிட்ட அண்ணன் மடியில எம்பிள்ளைய ஒக்கார வைக்க எனக்கு மனசு வருமாலே? பதினோரு மாசமா நான் நெனைச்சுக்கிட்டு இருக்கதே அது ஒண்ணுதான். நீ வா. நான் கூப்பிடுதேன்ல.

சோலைராஜ்: நீ கூப்பிட்டா அது அழைப்பு இல்லக்கா. பிள்ளையோட அப்பன் வெத்தலை பாக்கு வச்சு வாயத் தொறந்து சொல்லணும். அம்மாவும் அதைத்தான் சொல்லுது. கூப்பிடாத எடத்துல போயி மடியக் காட்டிக்கிட்டு ஒக்காந்தா, நாளைக்கு அதுக்கும் ஒரு சேவல் கதை சொல்லுவாவ.

சந்தனமாரி: என்னங்க...

செண்பகராஜ்: காப்பி போடுதியா?

சந்தனமாரி: பால் திரிஞ்சு போச்சு.

செண்பகராஜ்: ...வரக்காப்பி?

சந்தனமாரி: தொண்டையில வேற எதாவது சிக்கிட்டு இருக்கான்னு பாருங்க. காப்பி கேக்க மட்டும் வாய் தொறக்கு.

சோலைராஜ்: எக்கா, அவிய கூப்பிட்டுத்தான வந்தேன். 'வாட்ச்சு ஒடைஞ்சுட்டு, அத்தான் ஒன்னையத்தான் வரச் சொன்னாவ'ன்னு நீதான ஃபோன் பண்ணுன? வாட்ச்சுக்குக் கூப்பிடத் தெரியுது...

செண்பகராஜ்: நான் எங்க வரச் சொன்னேன்? 'தம்பியே வந்து பாத்துத் தாரேங்கான்'னு என்னட்ட சொன்னா!

சோலைராஜ்: நான் எங்க சொன்னேன்? நீ ஃபோன் பண்ணுத வரைக்கும் எனக்கு வாட்ச்சு ஒடைஞ்சதே தெரியாது!

சந்தனமாரி: பாப்பாவுக்கு வேர்க்குது, விசிறி எங்க?

சோலைராஜ்: எக்கா?

செண்பகராஜ்: ஏட்டி?

சந்தனமாரி: என்ன ரெண்டு பேரும் சேந்து மெரட்டுதீங்க? ஆமா, சொன்னேன். அவியட்ட ஒண்ணு சொன்னேன், ஒன்னட்ட ஒண்ணு சொன்னேன். பின்ன என்ன செய்ய? 'கடையில குடுக்காத, கண்ட கையும் பட்டா நல்லாருக்காது, தெரிஞ்ச கையாப் பாரு'ன்னு இவிய சொன்னாவ. நீ வாட்ச் கடைக்குப் போறதா அம்மா சொன்னதை இவியட்டயும் சொல்லிருந்தேன். எனக்குத் தெரிஞ்ச கை வேற யாரு இருக்கா?

செண்பகராஜ்: ...அது மட்டுந்தான் நான் சொன்னேன். ஆளு பேரு சொல்லல.

சந்தனமாரி: வெள்ளைத் துண்டை விரிச்சு, பலகையத் தொடைச்சு, சன்னல் வெளிச்சத்துல போட்டு வச்சதும் நீங்கதான். காலைல எட்டு மணிக்கே.

செண்பகராஜ்: வேலை சுத்தமா நடக்கணும்லா. மணி ஆவுது, கம்பிய மாட்டச் சொல்லு.

சோலைராஜ்: புதுக்கம்பி நீளமாத்தான் வரும்னு சொல்லு. நறுக்கி, அரத்துல ராவி, சரியான நீளத்துக்குக் கொண்டு வரணும். கூடுனா தலை வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். கொறைஞ்சா அம்புட்டுத்தான், குப்பையில போட வேண்டியதுதான். பழைய துண்டு ரெண்டையும் சேத்து வச்சு இந்தத் தீப்பெட்டி மேல கோடு போட்டுருக்கேன் பாரு. லென்சு போட்டுக் குனிஞ்சா என் கையே கோட்டை மறைக்கும். அந்தப் பக்கத்துல இருந்துதான் தெரியும். ராவிக்கிட்டே வாரேன், முனை கோட்டைத் தொட்டதும் போதும்னு சொல்லச் சொல்லு.

சந்தனமாரி: என்னங்க, கோட்டைத் தொட்டதும்...

செண்பகராஜ்: தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ராவச் சொல்லு.

சந்தனமாரி: ராவு.

சோலைராஜ்: ராவுதேன்.

செண்பகராஜ்: இன்னும் இருக்குன்னு சொல்லு.

சந்தனமாரி: இன்னும் இருக்காம்.

செண்பகராஜ்: கொஞ்சந்தான்னு சொல்லு.

சந்தனமாரி: கொஞ்சந்தான்... ஐயோ, பாப்பா முழிச்சுட்டு. அழாத, அழாத, அம்மா வந்துட்டேன்...

செண்பகராஜ்: ஏட்டி, போதும்னு சொல்லு.

சந்தனமாரி: இந்தா, கிலுக்கட்டை எங்கட்டி போட்ட...

செண்பகராஜ்: ஏட்டி! போதும்னு சொல்லு அவனட்ட!

சந்தனமாரி: என்னத்த? பிள்ளை கத்துததுல ஒண்ணும் கேக்கல.

செண்பகராஜ்: போதும்னு! போதும்னு சொல்லு!

சந்தனமாரி: ஏலே, போதுமாம்!

சோலைராஜ்: ...கோட்டைத் தாண்டி உள்ள போயிட்டே எக்கா.

சந்தனமாரி: எம்புட்டு?

சோலைராஜ்: ஒரு நூலு. மாட்டிப் பாக்கேன்... ம்ஹூம். தலை வாட்ச்சுல போயி முட்டுது, கம்பி உள்ள பல்லைத் தொடல. சும்மாச் சுத்துது. போச்சு.

செண்பகராஜ்: நான் அப்பமே சொன்னேம்லா.

சந்தனமாரி: யாரட்ட சொன்னீங்க?

செண்பகராஜ்: ஒன்னட்டதான்...

சந்தனமாரி: ராவுனது நானா? அரம் என் கையிலயா இருந்துச்சு? காதுக்குப் பக்கத்துல ஒக்காந்துருக்கான். மூணெழுத்து. அதை நேராச் சொல்ல முடியல ஒங்களுக்கு. ஏலே, நீயுந்தான். அவிய மொதத் தடவை சொன்னப்பவே ஒனக்குக் கேட்டுச்சா இல்லையா?

சோலைராஜ்: ...கேட்டுச்சு.

சந்தனமாரி: கேட்டும் ராவுன?

சோலைராஜ்: என்னட்ட சொல்லலியேன்னு...

சந்தனமாரி: நல்லாருங்க ரெண்டு பேரும். நான் அடுப்படிக்குப் போறேன். இன்னைக்கு இந்த வாயால 'சொல்லுதாவ', 'கேக்காவ'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா ஏன்னு கேளுங்க. காதும் குத்த வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எம்பிள்ளை மூளிக் காதோட கெடக்கட்டும். அவளைத் தொட்டில்ல போட்டாச்சு, ஆட்டுங்க.

செண்பகராஜ்: ஏட்டி... ஏ சந்தனம்...

சோலைராஜ்: எக்கா...

செண்பகராஜ்: பாப்பா, அம்மாவுக்குக் கோவம் வந்துட்டு பாத்தியா.

சோலைராஜ்: பாப்பா... மாமாட்ட இன்னொரு கம்பி இருக்கு.

செண்பகராஜ்: அப்பிடியா பாப்பா? எப்பிடி இன்னொண்ணு?

சோலைராஜ்: சுபஹான் பாய்தான் பாப்பா குடுத்து விட்டாவ. மொத வேலையில ஒண்ணு வீணாப் போகும், ரெண்டாக் கொண்டு போன்னு. இதையும் விட்டா வேற இல்ல.

செண்பகராஜ்: பாப்பா, மாமாவை இந்தத் தடவை மெதுவா ராவச் சொல்லு. கை அவசரப்படுது பாரு மாமாவுக்கு.

சோலைராஜ்: பாப்பா, அப்பாவைக் கோட்டை மட்டும் பாக்கச் சொல்லு. கையப் பாக்க வேண்டாம்.

செண்பகராஜ்: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் பாப்பா... நல்லாத்தான் ராவுதான்... கோடு எட்டித்தான் இருக்கு... இன்னும் ஒரு இழை... பாப்பா, இன்னும் ஒரே ஒரு இழை...

சோலைராஜ்: ராவுதேன் பாப்பா.

செண்பகராஜ்: போதும் மாப்ளே! போதும்ங்கேம்லா! நிறுத்துடே!

சோலைராஜ்: நிறுத்திட்டேன் அத்தான். அப்பமே நிறுத்திட்டேன்.

செண்பகராஜ்: ...ம்.

சோலைராஜ்: ...கோட்டுல சரியா இருக்கு.

செண்பகராஜ்: இருக்கு, இருக்கு. மாட்டு. தலையைத் திருகு. மெதுவா... அந்த ஸ்குருவை நான் வேணும்னா புடிக்கட்டுமா?

சோலைராஜ்: வாட்ச்சைப் புடிச்சுக்கோங்க. ஆடாம. ஒண்ணு... ஒண்ணரை. சாவி குடுங்க இப்பம்.

செண்பகராஜ்: நானா?

சோலைராஜ்: ஒங்க வெரலுக்குத்தான் அது பழக்கம்.

செண்பகராஜ்: ...பிடிக்குது. மாப்ளே, பிடிக்குது! ஓடுதுடே! பாப்பா, இங்க பாரு, காதுல வச்சுப் பாரு... சிரிக்கா பாத்தியா! ஏட்டி சந்தனம்! ஓடுது!

சந்தனமாரி: ஓடட்டும். என்னட்ட எதுக்குச் சொல்லுதீங்க? ஓட விட்டவனட்ட சொல்லுங்க.

செண்பகராஜ்: சொல்லியாச்சு. நீ வா.

சந்தனமாரி: ...என்னது? யாரட்ட சொன்னீங்க? நேராவா?

சோலைராஜ்: ஆமாக்கா. அத்தான்தான் போதும்னாவ.

சந்தனமாரி: ஐயோ, நான் இல்லாதப்பத்தான் பேசணுமா! மூணு வருசம் காத்துக்கெடந்தது நான்... இந்தாங்க, காப்பி.

செண்பகராஜ்: பால் திரிஞ்சுட்டுன்னு சொன்ன?

சந்தனமாரி: இன்னைக்கு நான் சொன்ன பொய்யில அதுவும் ஒண்ணு. குடிலே.

சோலைராஜ்: மணி வைக்கணும். சரியான நேரம் என்ன?

சந்தனமாரி: பக்கத்து வீட்ல டிவி ஓடுது, கேட்டுட்டு வந்தேன். அஞ்சாகப் பத்து நிமிசம் இருக்காம். ஒன் பஸ்ஸு போயிட்டு.

சோலைராஜ்: அடுத்த பஸ் அஞ்சரைக்கு...

செண்பகராஜ்: இருடே. அஞ்சரையும் போகட்டும். சந்தனம், தட்டுல வெத்தலை பாக்கு எடுத்துட்டு வா. நீயும் வந்து கூட நில்லு.

சந்தனமாரி: ...எடுத்தே வச்சுருக்கேன். காலைலயே.

செண்பகராஜ்: மாப்ளே, எந்திரி. வெள்ளிக்கெழமை பாப்பாவுக்குக் காதுகுத்து. பத்தரை மணிக்குள்ள. ஒன் மடியிலதான் ஒக்கார வைக்கணும். அத்தையையும் கூட்டிக்கிட்டு வியாழக்கெழமையே வந்துரணும். பந்தல்ல நான் பேசுனது... அது தப்புதான்டே. பேசி முடிச்ச அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுட்டு. வந்து சொல்லத்தான் முடியல. நாளாக நாளாக நாக்கு இறுகிப் போச்சு.

சோலைராஜ்: அத்தான்... தட்டைக் குடுங்க. அதெல்லாம் வேண்டாம். எக்கா, அந்த இன்னொரு தீப்பெட்டிய இப்பத் தொற.

சந்தனமாரி: குச்சிதான... ஏலே! கம்மலு! சின்னக் கம்மலு! எப்பம்லே எடுத்த?

சோலைராஜ்: பாப்பா பொறந்த மாசமே சொல்லி வச்சுட்டேன். கூப்பிட்டா பையில இருக்கட்டும், கூப்பிடாட்டா பஸ் ஸ்டாண்டுல வச்சு ஒன்னட்ட குடுத்துட்டுப் போயிருவோம்னு...

சந்தனமாரி: போடா கிறுக்கா. என்னைய அழ வைக்காத.

சோலைராஜ்: அத்தான், ஒண்ணு கேக்கணும். கேட்டா மறுபடி பேச்சு நின்னுராதுல்லா?

செண்பகராஜ்: கேளு.

சோலைராஜ்: சாவித் தலையில சுத்தி வரக் குறட்டுப் பல்லு பதிஞ்சுருக்கு. லென்சுல பளிச்சுன்னு தெரியுது. தன்னால ஒடைஞ்ச கம்பி இல்ல இது, யாரோ குறடு போட்டு முறிச்சுருக்காவ. அக்கா ஃபோன்ல சொன்ன பொய்யி தெரிஞ்சதுல இருந்து இவதான் என்னைய வர வைக்க இதையும் செஞ்சுருப்பான்னு பேசாம இருந்தேன்...

சந்தனமாரி: நானா? நீ கட்டி விட்ட வாட்ச்சை நான் ஒடைப்பனாலே? அந்தக் குறடு இருக்குத பரணு எனக்கு எட்டக்கூட எட்டாது! ஏங்க, நீங்களே சொல்லுங்க... ஏங்க? எதுக்கு அந்தப் பக்கம் திரும்புதீங்க? போன வாரம் பூரா அதைப் புடிச்சுத் திருகிக்கிட்டே இருந்தீங்களே, என்னன்னு கேட்டதுக்கு நேரம் சரி பண்ணுதேன்னு... ஏங்க!

செண்பகராஜ்: மூணு நாளு கையாலயே திருகுனேன் மாப்ளே, அசையல. நாலாம் நாளுதான் குறடு எடுத்தேன். சேவலா இருந்தா ஒரு திருகுல முடிஞ்சுருக்கும்.